72 மெகாஹெர்ட்ஸ் என்றார்களே, 9 விநாடி ஏன்?

கேள்வி: புராஜெக்டுக்காக எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள 'புளூ பில்' போர்டு வாங்கினேன். சிப் தயாரிப்பாளரின் ரெடிமேட் கோடு தொகுப்பான ஸ்டாண்டர்டு பெரிஃபெரல் லைப்ரரியில்தான் எழுதுகிறேன். சிப் 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்றார்கள். விநாடிக்கு ஒருமுறை எல்இடி மாற வேண்டும். 9 விநாடி ஆகிறது. சிப் போலி என்று ஒரு புராஜெக்ட் சென்டரில் சொல்லி, வேறு போர்டும் கோடும் சேர்த்து 4,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 9-லேயே விடை இருக்கிறது.

சிப்பின் வேகத்தை முடிவுசெய்யும் துடிப்பைத் தருவது ஆஸிலேட்டர். இந்த சிப் பவர் வந்ததும் தனக்குள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரில்தான் விழிக்கும். அப்புறம் துடிப்பை இன்னும் துல்லியமாகத் தரும், வெளியே உள்ள கிரிஸ்டலை எழுப்பி, அதன் 8-ஐ பிஎல்எல் (துடிப்பைப் பெருக்கும் சர்க்யூட்) 9 மடங்காக்கினால்தான் 72. உங்கள் கிரிஸ்டல் எழவில்லை என்றே நினைக்கிறேன். சிப் 8-ல் ஓடுகிறது, கோடு 72 என்று நம்பி விநாடியை எண்ணுகிறது.

எர்ரர் எதுவும் வரவில்லையே என்பீர்கள். எப்படி வரும்? லைப்ரரியின் சிஸ்டம் ஃபைலில், கிரிஸ்டல் எழாவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் 'வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் ஒரு கமென்ட் மட்டும்தான் இருக்கும். அங்கே முடிவில்லாத ஒரு லூப் போடுங்கள். எல்இடி மாறுவதே நின்றுவிட்டால் கிரிஸ்டல்தான் குற்றவாளி. '8.000' என்று பொறித்த உலோக டப்பாதான் அது. குட்டிச் சிலிண்டர் கடிகாரத்துக்கானது, அதை விட்டுவிடுங்கள். டப்பாவின் இரு கால்களையும் பக்கத்துக் கெப்பாசிட்டர்களையும் சாலிடரிங் அயர்னால் ஒருமுறை உருக்கி, ஃபிளக்ஸைத் துடையுங்கள். அப்படியும் எழாவிட்டால் வேறு கிரிஸ்டல் போடுங்கள், சில ரூபாய்தான்.

தப்பு உங்கள் மேல் இல்லை. கல்லூரியில் 1980-ல் வந்த 8051 சிப்பையே இன்னும் நடத்தினால், கிரிஸ்டலில் எழுதியிருப்பதை 12-ஆல் வகு என்பதுதான் மனதில் நிற்கும். பிஎல்எல் எங்கே காதில் விழப்போகிறது?

கிரிஸ்டலே இல்லாமல் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், ஆனால் 72 கிடைக்காது. உள் ஆஸிலேட்டர் பிஎல்எல்லுக்குப் போகும்போது பாதியாகி 4 ஆகிவிடும். அதிகபட்சப் பெருக்கல் 16. ஆக 64, அதற்கு மேல் இல்லை. யுஎஸ்பிக்கு வேண்டிய 48 இந்த 64-லிருந்து வராது. வேகத்தை 48-ஆகக் குறைத்தால் எண் வரும், யுஎஸ்பி கேட்கும் துல்லியம் வராது. யுஎஸ்பி வேண்டாதவர்களுக்கு 64 தாராளம்.

கிளாக் கோடை நீங்களே எழுதினால், 72-க்கு மாறும் முன்பே, கோடு இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு 2 வெயிட் ஸ்டேட் (படிக்கும்போது சிப் காத்திருக்கும் துடிப்புகள்) கொடுங்கள், சிப்பின் உள் பாகங்கள் சிலவற்றுக்கான ஏபிபி1 பஸ்ஸைப் பாதியாக்கி 36-ல் வையுங்கள்.

'128-ல் ஓட்டித் தருகிறோம்' என்றும் சிலர் வருவார்கள். 16-ஆல் பெருக்கினால் 128 வரும், எல்இடியும் மினுக்கும். உற்பத்தியாளர் டேட்டாஷீட்டில் உறுதி சொல்வது 72-க்குத்தான். வைவா நாளில் அது தொங்கினால் பதில் சொல்லப்போவது நீங்கள், அவர்கள் அல்ல.

எல்இடி சரியாக மாறத் தொடங்கியதும் அந்த லூப்பை அழித்துவிடாதீர்கள். கிரிஸ்டல் மறுபடி படுத்தால் அதை வைத்துத்தான் தெரியும்.