ஹீட்டரைப் போட்டால் வீடே இருட்டாகிறதா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் பழைய நாலறை வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். குளியலறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, முந்தைய உரிமையாளர் விட்டுப்போன தொட்டி ஹீட்டர் ஒன்று இருக்கிறது. சுவிட்சைப் போட்ட பத்து நிமிடத்தில் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடு முழுவதும் மின்சாரம் போகிறது. பார்க்க வந்தவர், “ஆர்சிசிபி வீக்காகிவிட்டது, பெரியதாக மாற்றிவிடலாம்” என்கிறார். இன்னொருவர், வீடு முழுவதற்கும் பெரிய இன்ஸ்டன்ட் ஹீட்டர் (தொட்டி இல்லாமல், ஓடும் தண்ணீரை அப்போதே சூடாக்குவது) ஒன்று போதும் என்கிறார். மாமியாருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள் அம்மா. முதலாமவரை மறுபடி வீட்டுக்குள் விடவே வேண்டாம்.

தொட்டிக்குள் தண்ணீரில் மூழ்கியபடி ஓர் உலோகக் குழாய் இருக்கிறது. அதன் நடுவில் சூடேறும் கம்பி. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மின்சாரம் தாண்டாதபடி ஒரு வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடந்து குழாய் அரித்ததும் பொடி ஈரமாகிறது. மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. வீடுகளில் இருப்பது 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். ‘பெரியது’ என்று அவர் சொல்வது 100 அல்லது 300 மில்லியாம்பியர் வகையாக இருக்கும். அதைப் போட்டால் விளக்கு அணையாது, கசிவும் நிற்காது. ஷவருக்குக் கீழே மாமியார் நிற்பார்.

இதைவிட மோசமானவர்களும் உண்டு. ஹீட்டர் வயரை ஆர்சிசிபிக்கு வெளியே இழுத்து இணைத்து, “இனி விழாது பாருங்கள்” என்று காசு வாங்கிக்கொண்டு போவார்கள். ஆமாம், விழாது.

ஹீட்டர்தான் காரணமா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு மற்றவற்றை ஒரு நாள் முழுவதும் வழக்கம்போல ஓட்டுங்கள். ஆர்சிசிபி விழவில்லை என்றால் பெரும்பாலும் ஹீட்டர்தான். பெரும்பாலும் என்றேன், ஏனென்றால் ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கசியும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் சேர்ந்து எல்லையை நெருங்கி நிற்கும்போது ஹீட்டரின் சிறு கசிவு அதைத் தள்ளிவிடும். பழி ஹீட்டர்மேல் விழும். அதனால் அடுத்த நாள் தலைகீழாகச் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஹீட்டரை மட்டும் போடுங்கள். அப்போது யாரும் குளிக்கக் கூடாது, குழாயைத் தொடவும் கூடாது. அப்போதும் விழுந்தால் சந்தேகமே இல்லை. விழாவிட்டால், பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். வயரிங்கை மட்டும் நீங்கள் தொடாதீர்கள்.

மின்வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும், அதுதான் சட்டம். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளிலும் ஆர்சிசிபி இருந்தாக வேண்டும் என்று 2023 ஜூலையில் விதி வந்தது. தவணை 2025 ஜூலை முதல் தேதியோடு முடிந்தது. விதிக்குக் குறைவில்லை. சின்ன வேலை என்றால் உரிமக்காரர் தொலைபேசியை எடுப்பதில்லை. கதவிடுக்கில் அட்டை செருகிப் போகிறவர் அரை மணி நேரத்தில் வந்து நிற்கிறார். மக்கள் யாரை அழைப்பார்கள்? உரிம எண்ணைக் கேளுங்கள். ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். எண் கேட்டதும் முகம் மாறினால் கதவைச் சாத்துங்கள்.

இனி அந்தப் ‘பெரிய இன்ஸ்டன்ட்’. 7 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய வீடுகள் சிலவற்றில் மெயின் சுவிட்சே 30 ஆம்பியர்தான். ஏர்கான் ஓடும்போது யாராவது குளித்தால் முடிந்தது கதை. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். லண்டனில் குழாய்த் தண்ணீர் பனிபோல வரும். பாய்லர் வைத்து வீடு முழுவதும் குழாய் ஓட்டுகிறார்கள், அது அந்த ஊர்க் கணக்கு. இங்கே தண்ணீர் ஏறத்தாழ 28 டிகிரியிலேயே வருகிறது. நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடினால், சாதாரண 3.3 கிலோவாட் இன்ஸ்டன்ட் அதை 43 டிகிரி வரை கொண்டுபோகும். ஒரு குளியலறைக்கு அது போதும்.

இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் வெந்நீர் வேண்டுமென்றால் தொட்டியையே வைத்துக்கொள்ளுங்கள். 25 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்க ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். 3 கிலோவாட் தொட்டியில் இருபது நிமிடம். நாள் முழுவதும் போட்டு வைத்தால் சிக்கனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய தொட்டியைச் சரிசெய்வதா, மாற்றுவதா? வயது தெரியாத தொட்டி. நான் மாற்றத்தான் சொல்வேன். புதியதைப் பொருத்தும்போது அழுத்தம் விடும் வால்வு கண்ணில் படும்படி, அதன் வடிகுழாய் தரைக்கு இறங்கும்படி கேளுங்கள். சூடாகும்போது அதில் சில சொட்டு வடிவது இயல்பு. ‘ஒழுகுகிறது’ என்று யாராவது அடைக்க வந்தால் விடாதீர்கள். போக வழியில்லாத அழுத்தம் தொட்டியைப் பிளக்கும். சீலிங்கில் கை நுழையும் அளவுக்குத் திறப்புக் கதவும் வைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடியும்வரை ஹீட்டர் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். மாமியாருக்கு அடுப்பில் வெந்நீர் போடுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.