விவாகரத்து வழக்கு நடக்கும்போதும் முடிந்த பின்னரும் பணவிடயங்களை எப்படிக் கையாண்டீர்கள்?

கேட்டவர் தமக்குச் சீதனக் காணி ஒன்றும், இருவர் பெயரிலும் எடுத்த வங்கிக் கடன் ஒன்றும் இருப்பதாக எழுதியிருக்கிறார். யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் என் வழக்கு முடிந்து சில ஆண்டுகளாகின்றன. நான் சட்டத்தரணி அல்ல. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள்.

எங்களுக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துவதால், பெற்றோர் எழுதித் தந்த சீதனம், பரம்பரையாக வந்த முதுசம், திருமணத்தின் பின் உழைத்து வாங்கிய தேடியதேட்டம் என்பவற்றை உறுதிகளைப் பார்த்து முதலிலேயே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். திருமணம் நிலைக்கும் வரை, தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைக் கேட்கலாம். காணியை விற்று வழக்குச் செலவைப் பார்க்கலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு இதனால் முதல் மாதமே பிழைத்தது.

ஆயினும் என்னை அதிகம் அலைக்கழித்தது காணியன்று, தாலிக்கொடி. வீட்டுக்கு மேல்மாடி போடும்போது பதினொரு பவுண் கொடியை அடைவு வைத்தோம். நகை என்னுடையது, அடைவுத் துண்டில் இருந்த பெயர் கணவருடையது. பிரிந்த பின்னரும் ஈராண்டுகள் வட்டியை நானே கட்டி, பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கற் பேணிக்குள் போட்டு வந்தேன். மீட்கப் போனபோது துண்டில் பெயருள்ளவர் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரு பக்கச் சட்டத்தரணிகளும் பேசி, ஒரு வழக்குத் தவணையன்று அவர் கையொப்பமிட்ட கடிதம் கிடைத்த பிறகுதான் கொடி வீடு வந்தது. அந்தப் பேணி இல்லாதிருந்தால் வட்டி கட்டியது நான்தான் என்பதை எவரும் ஏற்றிருக்கமாட்டார்கள். (அம்மா இன்றும் அதை அணியச் சொல்வதுமில்லை, விற்க விடுவதுமில்லை.)

பிள்ளைக்குரிய தாபரிப்புக்கு, அதாவது பராமரிப்புப் பணத்துக்கு, விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கான நிரந்தரத் தாபரிப்பை மட்டும் விவாகரத்து வழக்கிலேயே கேட்டுவிடுமாறு சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம்.

முதல் தீர்ப்பு கிடைத்தாலும், அது முற்றாக்கப்படக் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லும். அந்த இடைவெளியில் நான் ஊழியர் சேமலாப நிதியிலும் காப்புறுதியிலும் அவர் பெயரை நீக்கி மகனின் பெயரைப் பதியும் படிவங்களைத் தயார் செய்தேன். சம்பளத்தில் எட்டு வீதம் நாமும் பன்னிரண்டு வீதம் முதலாளியும் செலுத்திச் சேரும் பணம் அந்தச் சேமலாப நிதி. அதை ஒரு பழைய படிவத்தின் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது.

கூட்டுக் கடனைப் பொறுத்தவரை, யார் கட்டுவது என்று நீங்கள் இருவரும் பேசி முடித்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் ஒரு தவணை பிந்தினால் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உங்கள் பெயரும் சேர்ந்தே நிற்கும். ஆகவே ஒருவர் பெயருக்கு மாற்றித் தருமாறு வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். எங்கள் வங்கி மறுத்துவிட்டதால், மீதியை நானே கட்டி முடித்தேன். அதுவரை அயலில் எவர் கேட்டும் ஒரு சீட்டிலும் சேரவில்லை.