துடுப்புக்குள் இருந்த கை எலும்பு: கேள்வி பதில்

கேள்வி: சதைத்துடுப்பு மீன்கள் நாம் உண்ணும் மீன்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன?

பதில்: வஞ்சிரத்தின் மார்புத் துடுப்பைப் பிரித்துப் பாருங்கள். உடலோடு சேரும் இடத்தில் வரிசையாகச் சில சிற்றெலும்புகளும், அவற்றிலிருந்து விசிறிபோல் விரியும் மெல்லிய கதிர்களுமே இருக்கும். சதைத்துடுப்பு மீனிலோ தோளோடு பொருந்துவது ஒற்றை எலும்பு. கனடாவின் மிகுவாஷாவில் கிடைத்த, சுமார் 38 கோடி ஆண்டுகள் பழமையான யூஸ்தெனாப்டெரான் என்ற சதைத்துடுப்பு மீனில் அதை அடுத்து இரண்டு எலும்புகள் உள்ளன. நமது மேற்கை எலும்பும், முன்கையின் ஆர எலும்பும் அல்னாவும் இதே வரிசையில் அமைந்தவைதாம்.

கேள்வி: அப்படியானால் 1938இல் தென்னாப்பிரிக்காவில் உயிருடன் பிடிபட்ட சீலகாந்த் என்ற சதைத்துடுப்பு மீன் நம் மூதாதையா?

பதில்: இல்லை, அது தனிக் கிளை. இன்றுள்ள மீன்களில் நமக்கு மிக நெருங்கிய உறவு நுரையீரல் மீன்களே.

கேள்வி: டிக்டாலிக் என்ற புதைபடிவ விலங்கை ஏன் இவ்வளவு போற்றுகிறார்கள்?

பதில்: 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கண்டெடுக்கப்பட்ட அந்த 37.5 கோடி ஆண்டுப் பழைய விலங்குக்குச் செதிலும் துடுப்புக் கதிரும் உண்டு. ஆனால், மீன்களில் மண்டையோட்டைத் தோள் வளையத்தோடு பிணைக்கும் எலும்புகளும் செவுள் மூடியும் அதில் மறைந்துவிட்டதால், உடலைத் திருப்பாமலே தலையைத் திருப்ப முடிந்தது. என் பார்வையில், துடுப்பைவிட இந்தக் கழுத்தே பெரிய செய்தி.

கேள்வி: கால்கள் தரையில் நடப்பதற்காகத்தானே தோன்றின?

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் கருதப்பட்டது. கிழக்குக் கிரீன்லாந்தில் 1987இல் தொல்லுயிரியலாளர் ஜென்னி கிளாக் குழுவினர் சேகரித்த அகாந்தொஸ்டேகா என்ற நான்கு கால் விலங்கின் புதைபடிவம் அக்கருத்தைப் புரட்டிப் போட்டது. சுமார் 36.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அதன் முன்னங்காலில் எட்டு விரல்கள் இருந்தன. ஆனால் ஆர எலும்பு அல்னாவைவிட மிக நீளமாக இருந்ததால், மணிக்கட்டை ஊன்றி உடலைத் தாங்கியிருக்க இயலாது. செவுள் எலும்புகளில் இரத்தக் குழாய்கள் ஓடிய பள்ளங்களும் தெளிவாகத் தெரிகின்றன. நீருக்குள்ளேயே மூச்சுவிட்டு வாழ்ந்த விலங்குக்கு விரல்கள் முளைத்திருந்தன என்பதே இதன் பொருள்.

கேள்வி: போலந்தில் அதைவிடப் பழைய கால்தடங்கள் கிடைத்தனவாமே?

பதில்: ஆம். சாகெல்மியே கற்சுரங்கத்துத் தடங்கள் 2010இல் வெளியிடப்பட்டன. வயது சுமார் 39 கோடி ஆண்டுகள். அவை நான்கு கால் விலங்குகளுடையவையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவை உண்மையெனில், டிக்டாலிக்கை நேரடிப் பாட்டனாக அல்ல, பழைய உடலமைப்பை நெடுங்காலம் காத்துவந்த பங்காளியாகவே கொள்ள வேண்டும்.