போர்ப் பகுதியில் வெளிநாட்டுத் தன்னார்வலரைச் சுட்டதற்காக எந்த ராணுவ வீரராவது தண்டனை பெற்றிருக்கிறாரா?

பெற்றிருக்கிறார். ஆனால் அந்தத் தண்டனைக்கு எத்தனை விஷயங்கள் கூடிவர வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் வெறுமனே 'ஆம்' என்றால் அது பாதிப் பொய்.

டாம் ஹர்ண்டல். மான்செஸ்டரில் புகைப்படக்கலை படித்துக்கொண்டிருந்த 21 வயது பிரிட்டிஷ் மாணவர். 2003 ஏப்ரல் 11, காஸாவின் ரஃபா. இஸ்ரேலிய ராணுவக் காவல் கோபுரத்திலிருந்து குண்டுகள் வந்தபோது தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் ஓட, சிலர் பயத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஹர்ண்டல் போய் ஒரு சிறுவனைத் தூக்கிவந்து பாதுகாப்பான இடத்தில் விட்டார். அடுத்து ஒரு சிறுமியை அழைத்துவரத் திரும்பினார். தலையில் குண்டு பாய்ந்தது. தூரத்திலிருந்தே தெரியும் பளீர் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டிருந்தார். ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து 2004 ஜனவரியில் இறந்தார்.

ராணுவம் முதலில் சொன்ன கதை என்ன தெரியுமா? ராணுவப் பாணி உடையில் கைத்துப்பாக்கியால் சுட்ட ஒருவரைத்தான் குறிபார்த்தோம் என்பது. ஆரஞ்சு மேலங்கி எங்கே, அந்த உடை எங்கே! அந்தக் கதை நிற்காமல் போனதற்குக் காரணம், பக்கத்திலேயே இருந்த மற்ற தன்னார்வலர்களும் அவர்கள் எடுத்த படங்களும். அவருடைய அப்பா ஒரு வழக்கறிஞர் என்பது இன்னொரு காரணம். குடும்பமே ரஃபாவுக்குப் போய், சாட்சிகளைப் பார்த்துப் பேசி, தனியாக ஒரு அறிக்கை தயாரித்தது. மாதக்கணக்கில் நச்சரித்த பிறகுதான் ராணுவ போலீஸ் முறையான விசாரணையில் இறங்கியது. சுட்ட சிப்பாய் அதற்குப் பிறகுதான் கைதானார்; ஆயுதம் ஏந்தியவரைச் சுட்டேன் என்றது பொய் என்றும் ஒப்புக்கொண்டார். 2005இல் ராணுவ நீதிமன்றம் 8 ஆண்டு சிறை விதித்தது. 2010இல் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகனை ஊருக்குக் கொண்டுபோன செலவில் ஒரு பகுதிக்கென்று இஸ்ரேல் அரசு குடும்பத்துக்கு ஒரு காசோலை கொடுத்தது. அது வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

சரி, தண்டனை கிடைத்ததே, பிறகென்ன என்று கேட்கலாம். அந்தச் சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னதைக் கவனியுங்கள்: அந்தப் பகுதிக்குள் வந்தால் நிராயுதபாணியையும் சுடலாம் என்றுதான் எங்களுக்கு உத்தரவு. உண்மையா, தப்பிக்கச் சொன்னதா? குடும்பம் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கவில்லை. மேலே இருந்தவர்களையும் விசாரியுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நடக்கவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். ராணுவ நீதிமன்றங்கள் பெரும்பாலும் அம்போடு நிறுத்திக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் உண்மையான ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு ஓட்டை முதல் சில நாட்களில் விழுகிறது. சம்பவம் நடந்ததும் அந்தப் படைப்பிரிவே தனக்குள் ஒரு விசாரணை நடத்திக்கொள்கிறது. அதில் வீரர்கள் சொல்வதை, இஸ்ரேலியச் சட்டப்படி, பின்னால் வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. மனம்விட்டுப் பேசட்டும், அடுத்த முறை தவறு நடக்காமல் இருக்கும் என்பது அதற்கான நியாயம். ராணுவக் கண்ணோட்டத்தில் அதில் அர்த்தம் இருக்கலாம். ஆனால் குற்றவியல் விசாரணை வருவதற்குள் சம்பவம் நடந்த இடமே மாறிவிடும், எல்லோருடைய கதையும் ஒரே கதையாகிவிடும். இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம், 2016இல் ராணுவத்திடம் புகார் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. விசாரணை என்பது வெறும் மூடுதிரை என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது.

வெளிநாட்டவர் இறந்தால் இன்னொரு கதவு திறக்கும். உடல் இங்கிலாந்துக்கு வந்தால் அங்கே மரண விசாரணை நடக்கும். 2006இல் லண்டன் ஜூரி, ஹர்ண்டல் கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டார் என்று தீர்ப்புச் சொன்னது. 2002இல் மேற்குக் கரையின் ஜெனினில் ஐ.நா. வளாகத்துக்குள்ளேயே இஸ்ரேலிய வீரரால் சுடப்பட்ட பிரிட்டிஷ் ஐ.நா. பணியாளர் இயன் ஹூக்கின் மரணமும் சட்டவிரோதக் கொலை என்று இங்கிலாந்தில் முடிவானது. அவர் கையில் இருந்த செல்போனை ஆயுதம் என்று நினைத்துச் சுட்டதாக விளக்கம் வந்தது. ஆனால் மரண விசாரணை யாரையும் சிறைக்கு அனுப்பாது; எப்படி இறந்தார் என்பதைப் பதிவுசெய்யும், அவ்வளவுதான்.

அப்புறம் 2024 ஏப்ரல் 1. காஸாவில் உணவு உதவி செய்த வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் மூன்று வாகனங்கள், பயணத்தை முன்கூட்டியே இஸ்ரேலிய ராணுவத்துக்குத் தெரிவித்துவிட்டுக் கிளம்பியவை. ராணுவத்தின் ட்ரோன் முதலில் ஒரு வண்டியைத் தாக்கியது, தப்பியவர்கள் அடுத்த வண்டிக்கு மாறினார்கள், அதையும் தாக்கியது, பிறகு மூன்றாவது. ஏழு பேர் இறந்தார்கள். நான்கே நாளில் உள்விசாரணை முடிவு வந்தது: இரண்டு அதிகாரிகள் பதவி நீக்கம், இன்னும் மூவருக்குக் கண்டனம். இறந்தவர்களில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, போலந்து நாட்டவர்கள் இருந்தார்கள். அந்தத் தலைநகரங்கள் கொதித்தன. அந்த வேகத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. 2015இல் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்தார்கள். 16 பேர் மீது துறைரீதி நடவடிக்கை, குற்ற வழக்கு ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே செய்யவில்லை, அதனால் போர்க்குற்றம் இல்லை என்றது அமெரிக்க ராணுவம்.

உங்கள் கேள்வியில் 'வெளிநாட்டு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கேட்டால் பதில் இன்னும் மோசம். 2006 ஆகஸ்ட், இலங்கையின் மூதூர். பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர். ஒரு முஸ்லிம், மற்ற எல்லோரும் தமிழர்கள். சண்டை சூழ்ந்தபோது அலுவலகத்திலேயே தங்கியிருந்தார்கள். பெரும்பாலானோரின் உடல்கள் அந்த வளாகத்திலேயே குப்புறக் கிடந்தன. நிறுவனத்தின் டி-ஷர்ட்டைப் போட்டிருந்தார்கள். அரசப் படைகளே பொறுப்பு என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னது, அரசு மறுத்தது. ஆரஞ்சு மேலங்கியைப் போலவே அந்த டி-ஷர்ட்டும் யாரென்று அடையாளம் சொல்வதற்காகத்தான் போட்டது. அந்த 17 பேருக்காக இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.