மூக்குக் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா?

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவை (68 வயது) வேலூர் மருத்துவமனையிலிருந்து மூக்குக் குழாயோடு குடியாத்தம் வீட்டுக்கு அழைத்து வந்துள்ளோம். நேற்று கஞ்சி விடும்போது இருமினார். குழாய் முனையைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அது போதுமா? கேழ்வரகுக் கஞ்சி அடிக்கடி அடைத்தும் கொள்கிறது.

பதில்: முதலில் நேற்றைய இருமல். அப்பா அசையாமல் படுத்திருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 24-க்கு மேல் போனாலோ, காய்ச்சல், நெஞ்சில் கரகரப்பு, வழக்கத்தை மீறிய மயக்கத் தூக்கம் இருந்தாலோ கஞ்சி நுரையீரலுக்குள் போயிருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். இவை சில மணி நேரம் கழித்தும் வரும், ஆகவே இரண்டு நாள் கவனியுங்கள்.

குமிழிச் சோதனை வேண்டாம். குழாய் மூச்சுப் பாதையில் இருந்தாலும் குமிழி வராமல் போகலாம். மூச்சை இழுக்கும்போது அந்தத் தண்ணீரே உள்ளே போகும் ஆபத்தும் உண்டு. சிரிஞ்சால் காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பதையும் நம்பாதீர்கள்: நுரையீரலில் அடித்த காற்றும் மேல்வயிற்றில் கேட்கும். பக்கவாதத்தில் இருமல் உணர்ச்சி மந்தமாகிவிடும் என்பதால், இருமவில்லையே என்று நிம்மதி அடைவதும் தவறு.

ஒவ்வொரு வேளையும் மூக்கு ஓரத்தில் குழாய் எந்த சென்டிமீட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவமனையில் போட்டுவிட்ட அடையாளம் வெளியே நகர்ந்திருந்தால் எதுவும் விடக்கூடாது, நீங்களாக உள்ளே தள்ளவும் கூடாது. டார்ச் அடித்து, தொண்டையில் குழாய் சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு 50 மி.லி. சிரிஞ்சால் மெல்ல இழுத்தால் பச்சை கலந்த நீரோ திரிந்த பால் போன்றதோ வரும். அதை பி.எச். தாளில் (அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் தாள்) தொட்டு, 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் வயிறுதான். அசிடிட்டி மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த எண் ஏறியிருக்கும். எதுவும் வரவில்லையா? இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து அரைமணி கழித்து மறுபடி இழுங்கள். அப்போதும் வராவிட்டால் உணவை நிறுத்திவிட்டு செவிலியரைக் கேளுங்கள். கடைசி வேளை விட்டதில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தால், அதை உள்ளே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

உணவு விடும்போது உடலை உயர்த்த இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது. மரநாற்காலியைக் கட்டிலில் கவிழ்த்து, அதன் முதுகு சரிவாக வரும்படி வைத்து மேலே தலையணை போடுங்கள். 30 முதல் 45 டிகிரி கிடைக்கும். பக்கவாதத்தில் செயலிழந்த பக்கம் சரியாமல் ஒரு தலையணையை அண்டை கொடுங்கள். உணவு முடிந்தும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஒரு வேளைக்கு 200 மி.லி. போதும், பிஸ்டனைக் கழற்றிவிட்டு, தானாக இறங்க 15–20 நிமிடம் விடுங்கள். நடுவில் இருமினால் உடனே குழாயை மடித்துப் பிடியுங்கள். உதடு நீலமானால் 108.

கேழ்வரகு மாவைக் கரைத்துத் துணியில் வடிகட்டிய பிறகு நீர்க்கக் காய்ச்சுங்கள். முன்னும் பின்னும் 30 மி.லி. ஆறவைத்த வெந்நீர் விட்டால் அடைப்பு பெரும்பாலும் வராது. மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்து நீரில் கரைத்து விடுங்கள், கஞ்சியில் கலக்க வேண்டாம். அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். (மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரை) என்று இருப்பதைப் பொடிக்கவே கூடாது. மாற்று மருந்து கேளுங்கள். அடைத்தால் வெதுவெதுப்பான நீரை 50 மி.லி. சிரிஞ்சால் மெதுவாக விட்டு இழுங்கள். சின்ன சிரிஞ்சின் அழுத்தத்தில் குழாய் கிழியும். ஈர்க்குச்சி, கம்பி எதுவும் வேண்டாம். வேலூர் வெயிலில் காலைக் கஞ்சியை மதியத்துக்கு வைக்காதீர்கள்.

வாயால் சாப்பிடாவிட்டாலும் தினம் இருமுறை வாயைத் துடைத்துவிடுங்கள். அழுக்கு எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினாலே நிமோனியா வரலாம். பார்க்க வரும் உறவினர்கள் ‘ஒரு வாய் காபிதானே’ என்பார்கள். விழுங்கும் திறனைச் சோதித்து மருத்துவர் சொல்லும்வரை ஒரு ஸ்பூன்கூட கூடாது.