ஸ்லைடில் ஒரு பச்சைக் கனிமம்: கேள்வி பதில்

காசிமேட்டுக் கடலோரம் கொட்டிக் கிடக்கும் பாறைகளிலிருந்து சில்லு எடுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்கள் கேட்டவை. திருவொற்றியூரில் பல வருடம் கல் தேய்த்த கையோடு பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை மாணவர்: டோலரைட் என்கிற கருங்கல் வகை மாதிரி இருக்கிறது சார். அதில் பைராக்சின் என்ற கருங்கனிமம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாக ஏதோ. ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் போலராய்டுத் தாள் இரண்டையும் ஸ்லைடுக்குக் கீழும் மேலும் குறுக்கே வைத்தால் மை நீலம். என்ன கனிமம்?

பதில்: பெரும்பாலும் குளோரைட். ஆனால் நீலத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதிவிடாதீர்கள் தம்பி, சாய்சைட் என்ற இன்னொரு கனிமமும் அதே நீலத்தைக் காட்டி ஏமாற்றும். மேல் போலராய்டை எடுத்துவிட்டு, ஒளியைக் குறைக்கும் டயாஃப்ரமைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். குளோரைட் வெளிர் பச்சையில் செதில் செதிலாக அடங்கிக் கிடக்கும். சாய்சைட்டுக்கு நிறமிருக்காது, ஓரம் கறுத்து, ஸ்லைடை விட்டு எழும்பி நிற்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.69-ஐ ஒட்டியது, சில்லைக் கண்ணாடியில் ஒட்டும் பசைக்கோ சுமார் 1.54. அந்த இடைவெளிதான் அப்படித் தூக்கிக் காட்டுகிறது.

அப்புறம் அக்கம்பக்கம் விசாரியுங்கள். பைராக்சின் ஓரத்திலிருந்து கரைந்திருக்கிறதா? பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பார் பொடி படிந்த மாதிரி மங்கி, நடுவே மஞ்சள்பச்சையாக எபிடோட் என்ற கனிமத்தின் மணிகள் தெரிகின்றனவா? மாறிய பாறையில் புதுக் கனிமம் கூட்டாளிகளோடுதான் வரும். இத்தனையும் இருந்தால் என் பந்தயம் குளோரைட் மேல்.

ராயபுரம் வாசகர்: கடல் தண்ணீர் பட்டுத்தான் பச்சையானதா?

பதில்: வெளியே இருப்பது பாசி, பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். உள்ளே உள்ள பச்சை, கல் பூமிக்கடியில் இருந்த காலத்தில் சூடான நீர் ஊறிச் செய்த வேலை.

எர்ணாவூர் ஆசிரியை: என் ஸ்லைடில் பிளேஜியோகிளேஸே ஆரஞ்சாகத் தெரிகிறதே?

பதில்: இன்னும் தேய்க்கணும் டீச்சர். சில்லின் தடிமன் 0.03 மி.மீ. வந்தால் சாம்பலும் வெள்ளையுமாக மாறும். அதுவரை எந்த நிறத்தையும் நம்ப வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை மாணவி: எங்களிடம் பயாலஜி மைக்ரோஸ்கோப்தான் இருக்கிறது.

பதில்: போதும்மா. பழைய கால்குலேட்டர் திரையில் உரித்த போலராய்டு ஸ்லைடுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. ஸ்லைடைக் கையால் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அதே மாணவி: வேறொரு சில்லில், சுற்றும்போது இளஞ்சிவப்பு வெளிர் பச்சையாகிறது. பல்லாவரம் கல்லா?

பதில்: ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சின் வகை போலிருக்கிறது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கூட இருந்தால் சார்னகைட் என்ற பாறைதான், பல்லாவரம் கல்லும் அந்த வகைதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை. அவர் பெயரைத்தான் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-இல் இதற்கு வைத்தார். ஆனால் லாரியில் வந்து இறங்கிய கல்லுக்கு நான் ஊர் சொல்ல மாட்டேன்.