பனிவண்டியின் டிரைவ் ஷாஃப்ட் பேரிங்கை எப்போது மாற்ற வேண்டும்?

சத்தம் வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து காத்திருக்காதீர்கள். எஞ்சின் இரைச்சலை மீறி அது காதில் விழுவதற்குள் பேரிங் உடைந்து, அது தாங்கும் ஷாஃப்ட் (டிராக்கைச் சுழற்றும் தண்டு) இடம் நகர்ந்து, வண்டியைப் பனியில் நகர்த்தும் ரப்பர் பட்டையான டிராக்கும், ஷாஃப்டுக்கு விசையைக் கடத்தும் செயின் பெட்டியும் சேதமடைந்துவிடக்கூடும். எஞ்சினை நிறுத்தி, எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட்டைக் கழற்றி, பின்புறத்தைத் தூக்கி நிறுத்தியபின் டிராக்கைக் கையால் சுழற்றுங்கள். சொரசொரப்போ ஆட்டமோ தெரிந்தாலும், பேரிங்கை மூடியிருக்கும் சீலின் ஓரத்தில் துருநிறக் கறை வழிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். பனிநீர் புகுந்து கிரீஸைக் கெடுப்பதே பெரும்பாலும் காரணம் என்பதால், அங்கே உயரழுத்த நீரைப் பீய்ச்சவே கூடாது.

பழைய பேரிங்கில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்துவிடும்.